நாலு பேர், இரண்டே வரிசை: பருவக் கடைசி மிக்ஸ்டு கர்லிங்

கர்லிங் என்பது கனமான கல்லை ஐஸில் வழுக்கவிட்டு, எதிர்முனையில் இருக்கும் வட்டத்தின் மையத்துக்கு நெருக்கமாக நிறுத்தும் ஆட்டம். மிக்ஸ்டு கர்லிங் அணியில் நாலு பேர்: இரண்டு ஆண், இரண்டு பெண். கல் விடும் வரிசையில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும். ஆக இருப்பது இரண்டே வரிசை. முதலில் விடுபவர் லீட், அடுத்தவர்கள் செகண்ட், தேர்ட், கடைசியில் விட்டு அணியை வழிநடத்துபவர் ஸ்கிப். லீட் ஆண் என்றால் ஸ்கிப் பெண். லீட் பெண் என்றால் ஸ்கிப் ஆண். பருவக் கடைசிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது இந்த இரண்டில் எது என்று ஒவ்வொரு அணியிலும் பேச்சு நடக்கும். அதில் பாதி ஸ்வீப்பிங் பற்றியதாக இருக்கும், அதாவது கல் தூரமும் நேராகவும் போக அதன் முன்னால் ஐஸைப் பிரஷ்ஷால் தேய்ப்பது பற்றி. அந்தப் பாதி பெரும்பாலும் வீண். கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக வந்தது மிக்ஸ்டு டபுள்ஸ். அதில் அணிக்கு இரண்டே பேர், எண்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, ஐந்து கல், முன்கூட்டியே வைத்துவிடும் கல் ஒன்று. இங்கே பேசுவது நாலு பேர் ஆடும் பழைய மிக்ஸ்டு. கனடாவில் இதற்குத் தேசியப் போட்டி 1964இலிருந்தே உண்டு. உலகப் போட்டி 2015இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. ஆளுக்கு இரண்டு கல், அணிக்கு எட்டு, இரு அணிக்கும் சேர்த்துப் பதினாறு கல் விட்டால் ஓர் எண்ட் முடியும். எட்டு எண்ட் ஓர் ஆட்டம்.

கல் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 19.96 கிலோ கிரானைட். அதை யாரும் தூக்குவதில்லை, ஐஸின் மேல் வழுக்கித்தான் விடுகிறார்கள். ஹேக் என்ற கால்பிடியில் ஒரு காலை ஊன்றி உந்தி, மறுகாலில் சறுக்கிக்கொண்டே போய், இரு முனையிலும் குறுக்கே போட்டிருக்கும் ஹாக் கோடுகளில் முதலாவதற்கு முன்னால் கல்லின் கைப்பிடியை விட வேண்டும். கல் எதிர்முனையில் இருக்கும் ஹவுஸை, அதாவது 3.66 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தை நோக்கிப் போகும். இந்த முனை வட்டத்தின் மையத்துக்கும் அந்த முனை மையத்துக்கும் இடையே 34.75 மீட்டர். இவ்வளவு தூரத்துக்கும் வேகத்தைத் தருவது காலின் உந்தல்தான், தோள்பலத்துக்கு வேலை அதிகம் இல்லை. கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஓங்கி அடிப்பவரைவிட, காயைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவரைத்தான் பயப்பட வேண்டும். ஒரே அணியில் ஆணும் பெண்ணும் சரிசமமாக ஆட முடிவது இதனால்தான். வித்தியாசம் தெரிகிற இடம் ஸ்வீப்பிங். பிரஷ்ஷின் மேல் எவ்வளவு எடையை அழுத்த முடிகிறது, எவ்வளவு வேகமாகத் தேய்க்க முடிகிறது என்பது அங்கே கணக்கு.

இனி அந்தக் கணக்கு. லீட் கல் விடும்போது செகண்டும் தேர்டும் ஸ்வீப் செய்வார்கள். செகண்ட் விடும்போது லீடும் தேர்டும். தேர்ட் விடும்போது லீடும் செகண்டும். ஸ்கிப் விடும்போதும் அதே லீடும் செகண்டும்தான், அப்போது ஹவுஸில் நின்று குறி காட்டுவது தேர்ட். இந்த நாலு ஜோடியையும் ஆண், பெண், ஆண், பெண் என்ற வரிசையின் மேல் போட்டுப் பாருங்கள். லீடின் இரண்டு கல்லுக்கு ஓர் ஆண், ஒரு பெண். தேர்டின் இரண்டுக்கும் அப்படியே. ஸ்கிப்பின் இரண்டுக்கும் அப்படியே. செகண்ட் விடும் இரண்டு கல்லுக்கு மட்டும் ஒரே பாலினத்தார் இருவர் ஜோடி சேர்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக மாற்றினாலும் எட்டில் ஆறு கல்லுக்கு ஜோடி மாறாது. ‘இரண்டு ஆண்களும் சேர்ந்து ஸ்வீப் பண்ணினால் பலம்’ என்ற வாதம் முழுக்கச் செகண்டின் இரண்டு கல்லோடு நின்றுவிடுகிறது.

அந்த இரண்டு கல்லும் என்ன வேலைக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து கல் விதிப்படி, ஹவுஸுக்கு முன்னால் காவலாக நிற்கும் எதிரணியின் கற்களை, அதாவது கார்டுகளை, முதல் ஐந்து கல் முடியும்வரை ஆட்டத்திலிருந்து அடித்து வெளியேற்றக் கூடாது. ஆறாவது கல்லிலிருந்து அடிக்கலாம். ஒன்று முதல் நாலு வரை இரு அணி லீடுகளுக்குப் போய்விடும். ஐந்தாவது, ஹேமர் இல்லாத அணியின் செகண்டுக்கு. ஆறாவது, ஹேமர் உள்ள அணியின் செகண்ட் விடும் முதல் கல். ஹேமர் என்றால் அந்த எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமை. முன்னால் நந்தி மாதிரி நிற்கும் கார்டைப் பெயர்க்கும் முதல் வாய்ப்பு ஆக செகண்டின் கையில்தான் வருகிறது. அப்படி வேகமாக அடிக்கும் கல்லுக்கு ஸ்வீப்பிங் அதிகம் வேண்டியிருக்காது. ஹாக் கோட்டிலிருந்து ஹாக் கோட்டுக்கு எட்டு, ஒன்பது வினாடியில் ஓடிவிடும் கல் அது. கோடு விலகாமல் காப்பாற்றக் கொஞ்சம் தேய்த்தால் போதும்.

இதிலிருந்து வருகிற முடிவு நேரானது. வரிசையை ஸ்வீப்பிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலு பேரில் கல்லை மெதுவாக விட்டுப் பட்டனில், அதாவது வட்டத்தின் நடுமையத்தில், நிறுத்தத் தெரிந்தவர் யாரோ அவர் ஸ்கிப். அவர் பெண் என்றால் லீட் ஆண், அவர் ஆண் என்றால் லீட் பெண். மிச்சம் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்கிப் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று வழக்கத்துக்காகப் போட்டுவிட்டு, அப்படி மெதுவாக விட்டு நிறுத்தும் ‘டிரா’வில் அணியிலேயே நல்ல கையை மூன்றாவது இடத்தில் வைத்திருக்கும் அணிகள் இன்னும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டியின் கடைசிக் கல்லில் அதற்கு விலை கொடுப்பார்கள்.

ஆணும் பெண்ணுமாக ஸ்வீப் செய்யும் ஜோடியில் கல்லுக்குப் பக்கத்தில் யார் என்பது வரிசையைவிடப் பெரிய கேள்வி. கல்லை ஒட்டித் தேய்ப்பவரின் தேய்ப்புக்குத்தான் பலன் அதிகம். தள்ளி நிற்பவர் தேய்த்துச் சூடாக்கிய இடம் கல் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். அதனால் அதிக எடையை அழுத்தக்கூடியவர் கல்லோடு ஒட்டியும், வேகத்தைக் கணிக்கத் தெரிந்தவர் வெளியிலும் நிற்பது நல்லது. கல் நேராக வருகிறதா என்பது ஸ்கிப்பின் பார்வை. எவ்வளவு தூரம் வரும் என்பது ஸ்வீப் செய்பவர்களின் பார்வை. வார இறுதிக்காகக் கூடிய அணிகளில் இதைப் பேசிக்கொள்ளாமலே இறங்கிவிடுகிறார்கள். ‘கொஞ்சம் கனமா இருக்கு’, ‘போதும், வந்துடும்’ என்று ஆளாளுக்கு ஒரு பாஷை பேசினால் காது குழம்பும். எண் சொல்வது சுலபம். முன்னால் நிற்கும் கார்டுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. வட்டத்தின் முன்விளிம்பு நாலு, அங்கிருந்து உள்ளே வர வர ஐந்து, ஆறு. நடுமையம் ஏழு. அதைத் தாண்டினால் எட்டு, ஒன்பது, பத்து. கல் பாதி தூரம் வந்ததும் ‘ஐந்து’ என்று ஒரு குரல், இன்னும் கொஞ்சம் வந்ததும் ‘ஆறு’ என்று இன்னொன்று. ஏழு வேண்டும் என்றால் ஸ்கிப் கத்துவார், தேய்ப்பார்கள். அவ்வளவுதான்.

ஆள் ஒருவர் வர முடியாமல் போய் மூவராக ஆட வேண்டி வந்தால், முதல் இருவரும் ஆளுக்கு மூன்று கல், கடைசியில் விடுபவர் இரண்டு. ஒருவர் கல் விட, ஒருவர் ஹவுஸில் நிற்க, தேய்ப்பதற்கு ஒரே ஆள். கடைசி எண்டுகளில் அந்த ஆளின் கை தொங்கிவிடும்.

இப்போது ஐஸ். பருவக் கடைசிப் போட்டியை மற்ற போட்டிகளிலிருந்து பிரிப்பது இதுதான். கனடாவில் அக்டோபர் வாக்கில் போட்ட தளம் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் வரை தாங்க வேண்டும். ஐஸின் மேற்பரப்பு சுமார் மைனஸ் 5 டிகிரியில் இருக்கும். வெளியே வெயில் ஏறி, காற்றில் ஈரம் கூடும் மாதங்கள் இவை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஈரம் உள்ளே வருகிறது. போதாததற்கு நிறைந்த கூட்டம், கூட்டத்தின் மூச்சு. ஈரம் எங்கே போகும்? மண்டபத்திலேயே குளிர்ந்த இடத்துக்கு, அதாவது ஐஸின் மேலேயே வெண்பூச்சாகப் படியும். உறைபனி என்று நாம் சொல்வதேதான். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நன்றாக ஓடும் கிளப்புகளில் இது குறைவு. பழைய கூரை, சின்ன இயந்திரம் என்றால் மாலைக்குள் ஷீட்டின், அதாவது ஆடும் ஐஸ் பாதையின், ஓரங்கள் பால் பூசியது போல் ஆகிவிடும்.

ஓரத்தைப் பாருங்கள் என்பதற்குக் காரணம் உண்டு. நடுவில் கல்லும் பிரஷ்ஷும் ஓடி ஓடி உறைபனியைத் துடைத்துவிடுகின்றன. யாரும் ஆடாத ஓரத்தில் அது அப்படியே தங்குகிறது. விளைவு, ஒரே ஷீட்டில் நடுப்பாதைக்கு ஒரு வேகம், ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு வேகம். நடுவில் பழகிய உந்தலோடு ஓரத்துக் கார்டை விட்டால் எதிர்முனை ஹாக் கோட்டைத் தாண்டாமலே நின்றுவிடும். அந்தக் கோட்டை முழுவதும் தாண்டாத கல் ஆட்டத்தில் இல்லை, எடுத்துவிட வேண்டியதுதான். இந்தப் போட்டிகளில் லீடுகள் கல்லை வீணாக்குவது அதிகமும் இப்படித்தான். மருந்தும் இங்கேதான் இருக்கிறது: உறைபனி படிந்த ஐஸில் ஸ்வீப்பிங்குக்குப் பலன் அதிகம், ஏனென்றால் கல்லுக்குத் தடையாக இருப்பதையே பிரஷ் துடைத்து எடுத்துவிடுகிறது. கல் கையை விட்டதும் லேசாகத் துடைக்கத் தொடங்குங்கள். அழுத்துவதா வேண்டாமா என்பதைப் பாதி தூரத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.

ஐஸ் வழவழப்பானது என்று தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கிட்டே குனிந்து பார்த்தால் அது கோழித்தோல் மாதிரி பொடிப்பொடியாக மேடிட்டிருக்கும். பெப்பிள் என்பது அதன் பெயர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஐஸ் பராமரிப்பவர் முதுகில் தண்ணீர்க் கலத்தை மாட்டிக்கொண்டு, நுண்துளைகள் போட்ட செம்புத் தலையிலிருந்து சூடான நீரைத் துளிகளாகத் தெளித்தபடி பின்னோக்கி நடப்பார். கை ஒரே சீராக இடமும் வலமும் ஆட வேண்டும், கால் ஒரே வேகத்தில் போக வேண்டும். நின்றுவிட்டால் அந்த இடத்தில் திட்டு விழும். தாதுக்கள் நீக்கிய தண்ணீர்தான் போடுவார்கள், குழாய்த் தண்ணீரின் உப்புகள் பெப்பிளைப் பலவீனமாக்கிச் சீக்கிரம் தேய வைக்கும். துளிகள் உறைந்ததும் அவற்றின் உச்சியை ஒரு கத்தி லேசாகச் சீவிவிடும். கல்லின் அடிப்பகுதி குழிவானது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே பெப்பிளின் உச்சிகளைத் தொட்டுக்கொண்டு ஓடும்.

பெப்பிள் ஆட்டம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் இரண்டு எண்டில் உச்சிகள் மழுங்க மழுங்க ஐஸ் வேகம் கூடும். கடைசி எண்டுகளில் நடுப்பாதை தட்டையாகி, கல் இழுபடத் தொடங்கும், வளைவதும் குறையும். மூன்றாவது எண்டில் கண்ட வேகத்தை ஏழாவது எண்டில் நம்பி விடுபவர் ஏமாறுவார். கடிகாரம் இதற்குத்தான். ‘24 வினாடி ஐஸ்’ என்று கேட்டிருப்பீர்கள்: இந்த முனை ஹாக் கோட்டைத் தாண்டிய கல், எதிர்முனை வட்டத்தின் நடுக்கோட்டில் வந்து நிற்க எடுக்கும் நேரம் அது. எண் கூடினால் ஐஸ் வேகமானது என்று அர்த்தம். முதலில் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். வழுக்கல் அதிகமான ஐஸில் மெல்ல உந்தினாலே போதும், மெல்லப் போகும் கல்லுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், அதனால்தான். உறைபனி ஏறினால் 24 என்பது 22ஆகக் குறையும். எதிரணியின் டிரா கற்களுக்கும் நேரம் பாருங்கள். பாதித் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது, அதை விடுவானேன்?

கற்களையும் கவனிக்க வேண்டும். பருவம் முழுவதும் ஓடிய கற்களின் அடிவளையம் மெருகேறி, பருவத் தொடக்கத்தில் வளைந்த அளவுக்கு வளையாது. ஒரு ஷீட்டில் ஒரு நிறத்துக்கு எட்டுக் கல், ஒன்று முதல் எட்டு வரை எண். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மந்தமாகவோ அதிகம் வளைந்தோ ஓடுவது சாதாரணம். அப்படி ஒன்று சிக்கினால் அதைச் செகண்டிடம் தள்ளிவிடுங்கள். வேகமாக அடிக்கும் கல்லில் அந்தக் கோளாறு தெரியாது, டிராவில் ஒரு மீட்டர் பிசகும். இதைக் கண்டுபிடிக்க முதல் எண்டிலேயே எண்ணைக் கவனித்து வைக்க வேண்டும். ஆறாவது எண்டில் ‘அந்த ஐந்தாம் நம்பர் கல் சரியில்லை’ என்று சொல்வதில் லாபம் இல்லை.

இன்னொரு தலைவலி ‘பிக்’. நன்றாக ஓடிவந்த கல் திடீரென்று தடுக்கி, வளைய வேண்டிய பக்கத்தை விட்டு வேறெங்கோ திரும்பிப் போகும். புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு முடி, பிரஷ் துணியின் ஓர் இழை, அல்லது ரப்பர் துணுக்கு. பருவக் கடைசியில் இது அதிகமாவதற்கு எல்லோரிடமும் இருப்பது தேய்ந்த சாமான் என்பதே காரணம். பிரஷ் துணி கிழியும் தறுவாயில் இருக்கும். சறுக்காத காலில் மாட்டும் ரப்பர் உறை வெடித்து உதிரும். ‘இன்னும் மூணு ஆட்டம்தானே, அடுத்த வருஷம் மாத்திக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று ஆட்டத்தில்தான் அது ஸ்கிப்பின் கடைசிக் கல்லுக்கு அடியில் போய் மாட்டும். வாசலில் காலணி துடைக்கும் இடம் வைப்பதும் இதற்காகவே. பனி உருகும் காலத்தில் வாகனம் நிறுத்துமிடத்தின் மணலும் உப்பும் காலோடு வரும்.

பிரஷ் ஓடும் கல்லைத் தொட்டுவிடுவது புதிதாய்க் கூடிய ஜோடிகளுக்கு அடிக்கடி நேரும். இருவரின் நடையும் ஒத்துப்போகாததுதான் காரணம். விதி இரண்டு வகை. எதிர்முனை ஹாக் கோட்டுக்கு முன்னாலேயே சொந்த அணி தொட்டுவிட்டால் அந்தக் கல்லை உடனே நிறுத்தி எடுத்துவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு தொட்டால் எல்லாக் கற்களும் நிற்கும்வரை பொறுத்து, என்ன செய்வது என்பதை எதிரணியிடம் விட வேண்டும். தொட்டதை முதலில் சொல்ல வேண்டியவர் தொட்டவரே. கிளப் போட்டியில் நடுவர் இருப்பதில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை. பதினாறு அணி, நாலு ஷீட், ஒரு வார இறுதி: இதற்கு அழகாகப் பொருந்தும் அட்டவணை ஒன்று உண்டு. வெள்ளி மாலை 6 மணிக்கு நாலு ஆட்டம், 8.30க்கு நாலு ஆட்டம். வென்றவர்கள் ஒரு பக்கம், தோற்றவர்கள் ஒரு பக்கம். சனி காலை 9 மணிக்கு முதல் குழுவின் எட்டு அணியும் ஆடும்: வென்றவர்களுக்குள் இரண்டு ஆட்டம், தோற்றவர்களுக்குள் இரண்டு. 11.30க்கு இரண்டாம் குழு அதேபோல். இப்போது நாலு பிரிவு கிடைத்துவிடுகிறது: இரண்டும் வென்றவர்கள் ஏ, தோற்று வென்றவர்கள் பி, வென்று தோற்றவர்கள் சி, இரண்டும் தோற்றவர்கள் டி. பிற்பகல் 2 மணிக்கு முதல் குழுவின் நாலு அரையிறுதி, 4.30க்கு இரண்டாம் குழுவின் நாலு. ஞாயிறு காலை நாலு ஷீட்டிலும் ஒரே நேரத்தில் நாலு இறுதிப்போட்டி. மொத்தம் 28 ஆட்டம், எல்லா அணிக்கும் குறைந்தது மூன்று. சனிக்கிழமை இரண்டு ஆட்டத்துக்கும் இடையே எந்த அணிக்கும் மூன்று மணி நேர ஓய்வு. ஒரே இடர், ஆட்டம் இழுத்துக்கொண்டு போவது. இரண்டரை மணி நேர இடைவெளியில் ஆட்டத்துக்கு இரண்டு மணி, தளத்தைச் சுரண்டிப் பெப்பிள் போட அரை மணி. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடத்தில் மணியடித்து, ஓடும் எண்டை முடித்து இன்னும் ஒரே எண்ட் என்று வைத்தால் சமாளிக்கலாம். பெப்பிள் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எண்ட் முடிந்ததும் யார் கல் மையத்துக்கு நெருக்கம் என்பதை இரு அணியின் தேர்டுகளும் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். கண்ணால் முடியாதபோதுதான் அளவுகோல். மையத் துளையில் அதன் ஒரு முனையை ஊன்றிச் சுற்ற, மறுமுனை ஒவ்வொரு கல்லாகத் தொடும். அந்த நேரத்தில் ஹவுஸுக்குள் மற்றவர்களுக்கு வேலை இல்லை. ஆர்வக் கோளாறில் உள்ளே வந்து கல்லைக் காலால் இடித்தவர் அணிக்கு அந்தக் கல் நட்டம்.

ஞாயிறு இறுதிப்போட்டிகளில் உறைபனி பெரும்பாலும் சனிக்கிழமை மாலையைவிடக் குறைவாக இருக்கும். இரவெல்லாம் கூட்டமில்லை, கதவும் திறக்கவில்லை. தளத்தையும் காலையில் புதிதாகச் சுரண்டியிருப்பார்கள். முந்தைய நாள் 4.30 ஆட்டத்தில் பழகிய கனத்த கால், இந்த வேகமான ஐஸில் முதல் இரண்டு கல்லையும் வட்டத்துக்கு வெளியே தள்ளும். முதல் எண்டில் லீடின் கார்டுகளுக்கு நேரம் பார்த்துவிட்டால் ஸ்கிப்பின் முறை வருவதற்குள் திருத்திக்கொள்ளலாம்.

கடைசி ஆட்டம் முடிந்த பின் குளிர்சாதனத்தை நிறுத்துவதற்கு முன்பே கற்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்ததும் அவை குடத்து வெளிப்புறம் போல வியர்க்கும். துடைத்துக் காயவைத்து, நடுவில் ஓடும் போல்ட்டைத் தளர்த்திக் கைப்பிடிகளைக் கழற்றி, அடிவளையத்தில் விரல் ஓட்டி, பொரிந்த இடம் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துவைப்பார்கள். மந்தமாக ஓடிய ஐந்தாம் நம்பர் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.